இடது இறக்கை வரவில்லை

ஜனவரி 5

பெட்டி வந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே ஆர்டர் போட்ட ஜெட். ரிமோட்டில் பறக்கிற மாடல் ஜெட், உதிரி உதிரியாக வரும், நாம்தான் ஒட்டிப் பூட்ட வேண்டும். பெங்களூர்க்காரனுக்கு இப்போதுதான் மனசு வந்திருக்கிறது. முன்னறை மேசையில் பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினேன். உடல் இருக்கிறது. வால் இருக்கிறது. வயிற்றுக்குள் உட்காரும் விசிறியும் மோட்டாரும் இருக்கின்றன. வலது இறக்கை இருக்கிறது. இடது இறக்கை இல்லை.

ஒற்றை இறக்கையோடு ஜெட் விற்கிற கம்பெனியை இன்றுதான் பார்க்கிறேன். போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். அங்கே எடுத்தவன் இன்னொரு தடவை நன்றாகத் தேடிப் பார்க்கச் சொன்னான். விமானப்படையில் பாதி ஆயுசு நிஜ விமானத்தின் இறக்கையைக் கழற்றி மாட்டியவனிடம், இறக்கை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்கிறான். போனை வைடா என்றேன்.

சத்தம் கேட்டு நாகமணி அடுப்படியிலிருந்து வந்தாள். மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எங்கிருந்தோ இடது இறக்கையை எடுத்து என் கையில் வைத்தாள். இங்கேயேதான் இருந்தது என்கிறாள். எங்கே இருந்தது? நான் பார்த்தேனே. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இல்லாத பழக்கம், இந்த வயசில் என்னோடு கண்ணாமூச்சி ஆடுகிறாள்.

பெங்களூர்க்காரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

ஜனவரி 7

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. இவள் இப்போதெல்லாம் தட்டில் பாதிதான் போடுகிறாள். இன்று சோறும் ரசமும், அவ்வளவுதான். பொரியல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். தட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள். பீர்க்கங்காய்ப் பொரியல் இருந்தது, அப்பளம்கூட இருந்தது. திருப்புகிற சாக்கில் வைத்துவிட்டாள். கேட்டால்தான் வைப்பாள் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். பக்கவாதம் வந்து கிடந்தேன். நர்ஸ் வந்தாள், டாக்டர் வந்தார், நண்பன் தெய்வசிகாமணி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான், பக்கத்துக் கட்டில்காரனின் மாமியார்கூட வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தாள். கட்டின மனைவி ஒரு நாளும் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். இதை நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்கப் போவதும் இல்லை. ஆனால் மறக்க மாட்டேன்.

ஜனவரி 10

ஜெஸிந்தா வந்தாள். வாரம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து என் இடது கையை மடக்கி நிமிர்த்தும் பெண். கை தேவலாம், மடங்குகிறது, பிடிக்கிறது, உணர்ச்சிதான் மரத்துக் கிடக்கிறது. அதோடு விட வேண்டியதுதானே. பேப்பரைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னாள். நான் எல்கேஜி பையனா என்று கேட்டேன். "உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க அங்கிள்" என்றாள். அங்கிள் என்று கூப்பிடாதே என்று எத்தனை தடவை சொல்வது.

ஜெட்டை வரைந்தேன். கோடு பிசகாமல் வந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு இறக்கைதான் இருக்கிறதே என்றாள். இது பக்கவாட்டில் பார்க்கிற படம், அப்படித்தான் இருக்கும் என்றேன். விமானத்தைப் பற்றி எனக்கே பாடம். அவளும் நாகமணியும் கதவோரம் நின்று குசுகுசுவென்று பேசினார்கள்.

போகும்போது இந்த நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரமாகச் சிவப்புக் கோடு போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாளாம். எழுதும்போது சிவப்பைத் தேடி, அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். நான் பார்த்தவரை கோடும் இல்லை, ஒன்றும் இல்லை. பொய் வேறு.

ஜனவரி 12

வலது இறக்கை முடிந்தது. ஏலரான், அதாவது இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் ஆடுகிற பலகை, அதற்குக் கீல் வைத்து ஒட்டினேன். அதை அசைக்கிற குட்டி மோட்டாரைக் குழியில் உட்கார வைத்தேன். பசை காய்கிறது. நல்ல வேலை. கை மறக்கவில்லை.

பிப்ரவரி கடைசி ஞாயிறு எங்கள் கிளப்பின் பறக்கும் நாள். சூலூர் தாண்டி விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட்டில் நடக்கும். அன்று இந்த ஜெட்டை நான் பறக்க விடுகிறேன். நான், என் கையால். சென்னியப்பன் முடிந்தான் என்று பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே முடிவு கட்டியவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டும். கார் சாவியை ஒளித்து வைத்துவிட்டாள். நடமாட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இது ஒன்றுதான் எனக்கு மிச்சம். இதையும் பிடுங்க வருகிறவனைச் சும்மா விட மாட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். வாசலில் பாதிக் கோலம்தான் போட்டிருக்கிறாள். இவளுக்கும் வயசாகிறது.

ஜனவரி 18

கோபத்தில் பேனா முனை தாளைக் கிழிக்கிறது.

இரண்டு இறக்கையும் முடிந்துவிட்டது என்று நேற்று உடலோடு பூட்டினேன். இன்று வால் வேலைக்காக ஜெட்டைத் திருப்பி, மூக்கு என்னைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். இடது இறக்கையில் மோட்டார் இல்லை. கீலில் பசை இல்லை. ஏலரானைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. நான் ஒட்டின பலகை அப்படி வராது.

நாகமணியைக் கூப்பிட்டேன். எதற்குப் பிய்த்தாய் என்று கேட்டேன். நான் பறக்க விடக் கூடாது, அதுதானே உன் எண்ணம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவளுடைய அண்ணன் குடும்பத்தை இழுத்தேன், அது தேவையில்லாததுதான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். வழக்கமாக உள்ளே போய்விடுவாள். இன்று போகவில்லை.

"நானொண்ணும் பிய்க்கலீங்க. நீங்க அந்தப் பக்கம் ஒட்டவே இல்லை. டாக்டர் ஆஸ்பத்திரியிலயே சொன்னாருங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குது, மூளைதான் எடது பக்கத்தை எடுத்துக்க மாட்டேங்குதுன்னு. தட்டுல எடது பக்கம் இருக்கறதைத் திங்க மாட்டேங்கறீங்க. மீசையப் பாதிதான் வெட்டறீங்க. நான் மிச்சத்தை வெட்டி விடறது நீங்க தூங்கறப்பதானுங்க."

என் வாழ்க்கையில் இப்படி ஒரு கதையைக் கேட்டதில்லை. பாதி உலகம் தெரியாதவன் எப்படி நடப்பான்? கதவில் இடித்துக்கொள்ள மாட்டானா? இடது தோளில் இருக்கிற காயத்தைக் காட்டினாள். அது ஊசி போட்ட இடம் என்றேன். இவ்வளவு பெரிய காயம் ஊசியாலா வரும் என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும், டாக்டரைக் கேள்.

இனி அவளோடு பேச்சு இல்லை.

ஜனவரி 19

முன்னறைக்குப் பூட்டு வாங்கி வரச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரரிடம். ஒரே சாவி. அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்ற மாட்டேன். இனிமேல் எவள் வந்து பிய்க்கிறாள் என்று பார்க்கிறேன்.

மூக்கை என் பக்கம் வைத்துக்கொண்டே இடது இறக்கையை மறுபடி செய்தேன். அப்பழுக்கு இல்லை. பாதி தெரியாதவன் செய்கிற வேலையா இது?

ஜனவரி 24

தெய்வசிகாமணி வந்தான். பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கிறான், கிளப்புக்குச் செக்ரட்டரி. அவனும் நானும் சேர்ந்து ஆரம்பித்த கிளப். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், வந்த சத்தமே இல்லை. திடீரென்று காதோரம் "என்னுங்ணா, எப்படி இருக்கறீங்க" என்று குரல். தூக்கிவாரிப் போட்டது. ரொம்ப நேரமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தானாம். வீட்டுக்கு வருகிறவன் எதிரில் வந்து உட்கார மாட்டானா?

சுற்றி வளைத்தான். காற்று, பாட்டரி, விலைவாசி. கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஜெட்டு நீங்க செஞ்சதாவே இருக்கட்டுமுங்ணா. நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல நில்லுங்க."

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லை என்றான். பொய். நாகமணி போன் போட்டிருக்கிறாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றதிலிருந்தே தெரிந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளும் பொம்பளைகளும் வந்து உட்காருகிற இடம் அண்ணா, ஜெட் போகிற வேகத்தில் யார் மேலாவது விழுந்தால் என்ன செய்வது என்றான். விழாது என்றேன். எழுந்து வெளியே போடா என்றேன். காபியைக் குடிக்காமலே போனான். குடிக்காதது அவன் பிழை.

பிப்ரவரி 2

விசிறி சுற்றுகிறது. வீடே அதிர்ந்தது. நாகமணி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிப்ரவரி 6

ஜெஸிந்தா பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். அடுத்த வாரமும் வேண்டாம் என்றேன். "எதைப் பார்த்தாலும் முதல்ல சிவப்பைத் தேடுங்க அங்கிள்" என்று கதவுக்கே சொல்லிவிட்டுப் போனாள். பைத்தியம்.

பிப்ரவரி 11

வால் என் பக்கம் இருக்க, மோட்டாரிலிருந்து ஏலரானுக்குப் போகிற கம்பிகளை மாட்டி, முனை கழலாமல் இருக்கக் குட்டி ஊசிப் பின் போட்டேன். இரண்டு பக்கமும் முடிந்தது. இறக்கை நுனிகளில் விளக்கும் வைத்தேன். வலதுக்குப் பச்சை, இடதுக்குச் சிவப்பு. உலகத்தில் எந்த விமானமாக இருந்தாலும் இதுதான் முறை. பாட்டரி கொடுத்தால் பச்சை பளிச்சென்று எரிகிறது. சிவப்பு எரியவில்லை. மட்டமான பல்பு. பெங்களூர்க்காரனுக்கு நாளைக்கு இருக்கிறது.

பிப்ரவரி 18

வேலை முடிந்தது என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை, ஏனென்றால் சோதனை பாக்கி. விமானப்படையில் ஒரு வழக்கம். கன்ட்ரோல் கம்பியில் கை வைத்தவன், தன் வேலையைத் தானே பார்த்துச் சரி என்று சொல்லிவிட முடியாது. அவன் எத்தனை பெரிய கில்லாடியாக இருந்தாலும் சரி. வேறொருவன் வந்து முதலிலிருந்து பார்க்க வேண்டும். அது இல்லாமல் என் காலத்தில் ஒரு விமானம் கிளம்பியதில்லை. கிளம்ப விட்டதில்லை.

தெய்வசிகாமணியைக் கூப்பிட மாட்டேன். வீட்டில் இருப்பது ஒரே ஆள்தான். பேசாமல் இருந்தவளிடம் பேச வேண்டியதாயிற்று. கதவைத் திறந்து, வா, வந்து நில் என்றேன். ஜெட்டின் வால் பக்கம் நான் ரிமோட்டோடு உட்கார்ந்தேன். குச்சியை அசைப்பேன், இரண்டு இறக்கையிலும் பலகை ஆட வேண்டும், ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே போக வேண்டும், பார்த்துச் சொல் என்றேன்.

அசைத்தேன். குனிந்து பார்த்தாள். "இக்கட்டாலே ஆடுது. அக்கட்டாலே ஆடலீங்க" என்றாள். இந்தப் பக்கம் ஆடுகிறதாம், அந்தப் பக்கம் ஆடவில்லையாம்.

நன்றாகப் பார் என்றேன். பார்த்துவிட்டேன் என்றாள். எனக்கு இரண்டும் ஆடுகிறது, உனக்கு மட்டும் எப்படி ஆடாமல் போகும் என்றேன். தட்டைத் திருப்புவாளே, அதே மாதிரி ஜெட்டின் வாலைப் பிடித்து மெதுவாக ஒரு திருப்புத் திருப்பினாள்.

இடது ஏலரானின் கம்பி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னைப் போடவே இல்லை. பின்கள் அடைத்த சின்ன பிளாஸ்டிக் பை, நான் ஒட்டி வைத்த டேப்போடு அப்படியே இறக்கையின் மேல் கிடந்தது. நுனியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பல்பில் ஒரு குறையும் இல்லை.

யாரைத் திட்டுவது என்று பார்த்தேன். வாய் வரை வந்துவிட்டது. அரைஞாணைத் தடவினேன், சாவி இருந்தது. ஒரே சாவி. இந்த அறைக்குள் வேறு யாரும் வரவில்லை.

இப்படியே கொண்டுபோயிருந்தால் எழும்பின வேகத்தில் ஒரு பக்கமாகப் புரண்டிருக்கும். புரண்டு எங்கே போயிருக்கும்? ஷாமியானா போட்டு ஜனங்களை உட்கார வைக்கிற இடம் ஓடுபாதைக்கு இடது பக்கம்தான்.

மேசையை ஓங்கிக் குத்தினேன். வலது கையால். நாகமணி ஜெட் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 19

தெய்வசிகாமணிக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை நீயே ஓட்டித் தொலை" என்றேன். "சரிங்ணா" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைத்திருப்பேன்.

ஜெட்டைத் தூக்கிப் போட்டு உடைத்துவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. இரண்டாவது தடவை தூக்கியும் விட்டேன். கீழே வைத்துவிட்டு, இடது கம்பிக்கு அந்தப் பின்னை மாட்டினேன்.

அந்த ஜெஸிந்தாவை நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சிவப்பைத் தேடு, சிவப்பைத் தேடு என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்குப் புரியும்? சிவப்பு என்றால் இடது இறக்கை என்று விமானக்காரன் பாஷையில் சொல்ல வேண்டியதுதானே? சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இன்று கழுத்து நோகத் திருப்பி நோட்டில் அந்தக் கோட்டைத் தேடினேன். இருக்கிறது. அதிலிருந்துதான் இந்த வரியை ஆரம்பித்தேன். முன்பக்கங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் கோடு இருக்கிறது, எல்லாவற்றிலும் பாதிப் பக்கம் வெறும் வெள்ளை. இவ்வளவு அகலமான நோட்டா இது?

பிப்ரவரி 20

இடது இறக்கை நுனி முழுக்கச் சிவப்பு டேப் சுற்றினேன். விளக்கு பகலில் தெரியாது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போய்விட்டு வந்தோம். தெய்வசிகாமணியின் காரில்தான்.

நல்ல கூட்டம். வந்தவன் போனவன் எல்லாம் என்னைப் பார்த்து, உடம்பு தேவலையா என்று கேட்டான். தேவலையாக இல்லாமலா நிற்கிறேன்? தெய்வசிகாமணி மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்தான். அதில் குறை சொல்ல முடியாது. ரிமோட்டை அவன் கையில் கொடுக்கும்போது என் விரல்கள் விடவில்லை. அவனும் இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றான். "எறக்கறப்ப அவசரப்படாதே, மூக்கு கனம்" என்று சொல்லிவிட்டு விட்டேன்.

ஜெட் ஓடியது, எழும்பியது. நான் ஒட்டின ஜெட். வலது பக்கம் போய்ச் சாய்ந்து திரும்பி, எங்கள் முன்னால் பாய்ந்து வந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. அப்புறம் ஜெட் இல்லை. சத்தம் இருக்கிறது, ஜெட் இல்லை. துடைத்த மாதிரி வெறும் வானம். மற்றவர்கள் எல்லாரும் எதையோ பார்த்துக் கை தட்டுகிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் மாதிரி என் ஆயுசில் வந்ததில்லை. என்னுடைய ஜெட்டை எனக்கு மட்டும் காட்டாமல் ஊரே பார்க்கிறது. நாகமணியைத் தேடினேன். அவளையும் காணோம். இங்கேயும் விட்டுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"செவப்பத் தேடுங்க" என்று குரல் கேட்டது. எங்கிருந்தோ கேட்டது. ஆஸ்பத்திரியில் கேட்குமே, அதே மாதிரி.

கழுத்தைத் திருப்பினேன். வானம்தான். இன்னும் திருப்பினேன். தாடை தோளில் இடித்தது. அங்கே நாகமணி நின்றாள். தோளோடு தோள் ஒட்டி நின்றாள். மரத்துப்போன என் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருப்பதே எனக்குத் தெரியாது. அவள் தலைக்கு மேலே, தூரத்தில், சிவப்பு நுனி திரும்பிக்கொண்டிருந்தது.

"எப்ப வந்தே?" என்றேன்.

"நான் எப்பங்க போனேன்?"

கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஆஸ்பத்திரியில?"

"அங்கயும் இக்கட்டாலேதானுங்க உக்காந்திருந்தேன். இந்தக் கையப் புடிச்சுட்டு. நீங்கதான் அக்கட்டாலே பாத்துட்டே கெடந்தீங்க."

"ஏன் சொல்லித் தொலைக்கலே?" என்று கத்தினேன். ஷாமியானாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னனுங்க" என்றாள். "தெனமும் சொன்னனுங்க."

தெய்வசிகாமணி ஜெட்டை நன்றாக இறக்கினானாம். பூ மாதிரி இறங்கியது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.